492.525 கிராம்: கொலுசுப் பட்டறை கணக்குல நாங்க பண்ணின ஆப்ஜெக்ட் தப்பு

முதல்லயே சொல்லிடறேன், இது சேலத்துல ஒரு வெள்ளி வியாபாரிக்கு நானும் என் பார்ட்னரும் எழுதிக் குடுத்த சாஃப்ட்வேர்ல நடந்தது. கடை பேரு வேண்டாம், பட்டறைக்காரர் பேரும் வேண்டாம், அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு முழுசா எங்களோடது, அதுவும் ஜாவாங்கற புரோகிராம் மொழி தெரியாம பண்ணின தப்பு இல்ல, ஜாவா நல்லா தெரியும்னு நெனச்சு பண்ணின தப்பு.

வெளியூர்க்காரங்களுக்கு கொலுசு தொழில் எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் சொன்னாதான் பக், அதாவது புரோகிராம்ல இருந்த தப்பு, எங்க உக்காந்துச்சுன்னு புரியும். செவ்வாய்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம், பள்ளப்பட்டி இந்தப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பட்டறைதான். வியாபாரி வெள்ளியை உருக்கி, டச் பாத்து, எடை போட்டு பட்டறைக்குக் குடுப்பாரு. பட்டறைக்காரர் கம்பி இழுத்து, சங்கிலி பின்னி, பொடி வெச்சு ஊதி, சலங்கை கோத்து, மெருகு போட்டு கொலுசா திருப்பிக் கொண்டாந்து குடுப்பாரு. கூலி பணமா போயிடும், ஆனா வெள்ளி கணக்கு தனி, அது ரூபாயில ஓடாது, கிராம்ல ஓடும். டச்னா நூத்துக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளிங்கறது. 10 கிலோ 80 டச் வெள்ளி குடுத்தா பட்டறைக்காரர் பேர்ல 8,000 கிராம் பியூர், அதாவது சுத்த வெள்ளி, பாக்கி நிக்கும். அவர் கொலுசு குடுக்கும்போது அதோட எடை, டச் ரெண்டையும் பெருக்கி கழிப்பாங்க, சேதாரம்னு பேசி வெச்ச அளவு கழியும், மிச்சம் பூஜ்யம் வந்தா ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டு அடுத்த லாட்டுக்கு, அதாவது அடுத்த தொகுதி வெள்ளிக்குப் போயிடலாம். பூஜ்யம் வரலன்னா பேச்சு வேற மாதிரி ஆயிடும், ஏன்னா இது வெள்ளி, குறைஞ்சா "எங்க போச்சு"ங்கற கேள்விக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது வியாபாரிகிட்ட இருந்து போன். ஒரு பட்டறைக்காரர் பேர்ல 492.525 கிராம் பியூர் குறையுது. இருபது வருஷமா அவர்கிட்ட வேலை குடுத்துட்டு இருக்காரு, ஒரு தடவை கூட இப்படி ஆனதில்ல, ஆனா கம்ப்யூட்டர் சொல்லுதே. கடையில கணக்கு பாக்கறவர் அன்னைக்கே அந்த அண்ணனுக்கு வெள்ளி குடுக்கறதை நிறுத்திட்டாரு. தீபாவளி சீசன்ல பட்டறை சும்மா கெடக்கறதுன்னா என்னன்னு இந்த ஊர்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். அவர்கிட்ட வேலை பாக்கற நாலு பேரும் சும்மா, தெருவுல பேச்சு வேற.

நாங்க முதல்ல சந்தேகப்பட்டது டபுளை, அதாவது ஜாவா புள்ளி வெச்ச நம்பரைத் தோராயமா வெக்கற வகையை. புரோகிராமர் எல்லாருக்கும் ஒரு பழக்கம், தெரிஞ்ச பேய் மேலயே பழி போடறது. 0.1 ஓட 0.2 கூட்டினா 0.30000000000000004 வரும், எடையை டபுள்ல வெச்சிருக்கோம், அதனாலதான் குறையுதுன்னு ஒரு நாள் முழுக்க எல்லாத்தையும், அதே நம்பரை துல்லியமா வெக்கற பிக்டெசிமலுக்கு மாத்தினோம். குறை அப்படியே இருந்துச்சு. இப்ப யோசிச்சா சிரிப்பா வருது, டபுள் பிழைன்னா புள்ளிக்கு அப்புறம் பத்து பதினஞ்சு எடம் தள்ளி வரும், அரை கிலோ வெள்ளியை டபுள் எப்படிங்க தின்னும்? அது போதாதுன்னு புதுசா ஒண்ணையும் உடைச்சு வெச்சோம். பிக்டெசிமல்ல 80.0 வும் 80.00 வும் ஈக்வல்ஸ் போட்டுப் பாத்தா ஃபால்ஸ், ஏன்னா ஸ்கேல், அதாவது புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம்ங்கறது, வேற வேற, கம்பேர்டூ போட்டாதான் ரெண்டும் சமம். அது தெரியாம டச் வெச்சு தேடற ஸ்க்ரீன்ல பாதி லாட் காணாமப் போச்சு. வியாபாரி மறுபடி போன். அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல.

ஏற்காட்டுல கரன்ட் போன சனிக்கிழமை

பார்ட்னர் வீடு ஏற்காட்டுல, நாகலூர் போற பக்கம். வாரக் கடைசியில அங்க உக்காந்து நிம்மதியா டீபக் பண்ணலாம்னு 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ல ஏறி மேல போனோம், போன நேரத்துக்கு மழை, மழை வந்த உடனே கரன்ட் போச்சு, என் லேப்டாப் பேட்டரி எப்பவும் போல இருபது நிமிஷத்துல கண்ணை மூடிடுச்சு. வெளிய சில்வர் ஓக் மரமெல்லாம் மஞ்சுக்குள்ள போயிடுச்சு. உள்ள ரெண்டு பேரும் காபி டம்ளரை வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தோம். என் போன்ல ஒரே ஒரு போட்டோ இருந்துச்சு, அந்தப் பட்டறைக்கார அண்ணனோட நோட்டுல இருந்து எடுத்தது. நீளமான கணக்கு நோட்டு, நீல மை. அதுல ஒரு வரி: 10.000 – 80. அதுக்குக் கீழ திருப்பிக் குடுத்தது: 9.900 – 80. பக்கத்துல சேதாரம் 100 கிராம்.

பார்ட்னர் தினசரி காலண்டர்ல கிழிச்ச தாள் ஒண்ணை எடுத்து பின்பக்கம் கணக்கு போட ஆரம்பிச்சான். 10 கிலோ 80 டச், 8,000 பியூர். திரும்ப வந்தது 9,900 கிராம், 80 டச், 7,920. சேதாரம் 100 கிராமுக்கு பியூர் 80. கழிச்சா பூஜ்யம். அண்ணன் நோட்டு சரி. அப்ப எங்களோட 492.525 எங்க இருந்து வந்துச்சு? அவன் தலைகீழா போட்டான். 492.525 ஓட 7,920 ஐ கூட்டு, 8,412.525. இது சேதாரம் போக நிக்கற பாக்கி, சேதாரம் நூத்துக்கு ஒண்ணு, அப்ப 0.99 ஆல வகுக்கணும். 8,497.5 வந்துச்சு. 10,000 கிராமுக்கு 8,497.5 பியூர்னா டச் 84.975.

நான் அந்த நம்பரையே பாத்துட்டு இருந்தேன். 84.975. "டேய் இதை நான் ஸ்க்ரீன்ல பாத்திருக்கேன்டா"ன்னேன். அது அந்த லாட்டோட இப்போதைய டச். அந்த லாட் முதல்ல 25 கிலோ, 80 டச். அதுல 10 கிலோ அண்ணனுக்குப் போச்சு. மீதி 15 கிலோவுல, வேற ஒரு ஆர்டருக்கு டச் ஏத்தணும்னு 99.9 டச் கட்டி 5 கிலோ மேல போட்டு உருக்கினாங்க. 15 கிலோவுல 12 கிலோ பியூர், 5 கிலோவுல 4.995, ஆக 20 கிலோவுக்கு 16.995. வகுத்துப் பாருங்க, 84.975. கணக்கு கரெக்ட், உருக்கினது கரெக்ட், லாட்டோட டச் மாறினதும் கரெக்ட். ஆனா அதுக்கு மூணு நாள் முன்னாடியே கடையை விட்டு வெளிய போயிட்ட 10 கிலோவோட டச்சும் கூடவே மாறியிருக்கு. சிவதாபுரத்துல கம்பியா இழுத்து முடிச்ச வெள்ளி, இங்க செவ்வாய்பேட்டையில யாரோ கட்டி போட்ட உடனே தானா சுத்தமாயிடுச்சுன்னு எங்க சாஃப்ட்வேர் நம்பியிருக்கு.

கரன்ட் வர சாயங்காலம் ஆச்சு, ஆனா அதுக்குள்ள எங்க தப்புன்னு தெரிஞ்சு போச்சு. கரன்ட் இருந்திருந்தா லாக் பாத்தே ரெண்டு நாள் ஓட்டியிருப்போம்.

ஃபைனல் போட்டா மாறாதாமே

கோட்ல என்ன இருந்துச்சுன்னா, டச்னு ஒரு கிளாஸ் (கிளாஸ்ங்கறது அச்சு, அதுல வார்த்து எடுக்கறது ஆப்ஜெக்ட்), உள்ள ஒரே ஒரு நம்பர், அதைப் படிக்க ஒரு கெட், மாத்த ஒரு செட். லாட் கிளாஸுக்குள்ள ஒரு டச் ஆப்ஜெக்ட். பட்டறைக்குக் குடுக்கும்போது கொடுப்பு ஆப்ஜெக்ட் ஒண்ணு நியூ பண்ணி, லாட்ல இருந்து கெட்டச் போட்டு எடுத்த அதே ஆப்ஜெக்ட்டை அதுக்குள்ள வெச்சோம். நம்பரை காப்பி பண்ணல, ரெஃபரன்ஸை காப்பி பண்ணிட்டோம். ஒரே வீட்டுக்கு ரெண்டு அட்ரஸ். ஒருத்தன் போய் சுவத்துக்கு வெள்ளையடிச்சா இன்னொருத்தனுக்கும் வெள்ளைதான். மேல கட்டி போடற ஸ்க்ரீன்ல டச்சை செட் பண்ணின உடனே கொடுப்பு சீட்டுக்குள்ளயும் மாறிடுச்சு.

வெக்கத்தை விட்டுச் சொல்றேன், இதை எழுதும்போதே பார்ட்னர் கேட்டான், "இது பின்னாடி மாறிடாதா?"ன்னு. நான் ரொம்ப தெம்பா, "ஃபைனல் போட்டிருக்கேன்டா, எவன் மாத்துவான்"னேன். ஜாவால ஃபைனல் பண்றது, அந்த வேரியபிள் வேற ஆப்ஜெக்ட்டைக் காட்டாம பூட்டறது மட்டும்தான். காட்டற ஆப்ஜெக்ட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு அதுக்கு கவலையே கிடையாது. வாசக்கதவுல பூட்டு, கொல்லைப்புறம் செட்டர் தொறந்து கெடக்கு. இன்டர்வியூல ஃபைனல்னா என்னன்னு கேட்டா நான் சரியா சொல்லுவேன், நெறைய பேர் சொல்லுவாங்க, ஆனா கோட் எழுதும்போது கை பழைய நம்பிக்கையிலயே ஓடுது.

இதுல எங்களுக்கு ஒரே ஆறுதல் என்னன்னா ஜாவா செஞ்சவங்களே இதே குழியில விழுந்தவங்க. ஆரம்பத்துல இருந்தே இருக்கற டேட் கிளாஸ் மாத்தக்கூடியது, ஒருத்தர்கிட்ட தேதியைக் குடுத்தா அவர் அதுக்குள்ள செட்டைம் போட்டு உங்க தேதியையே மாத்தலாம். அப்படி மாத்த முடியாத தேதி கிளாஸ் எல்லாம் ஜாவா 8 ல, 2014 லதான் வந்துச்சு. தேதி, டச், எடை, பணம் இதெல்லாம் மதிப்புங்க. 80 ங்கறது 80 தான், நாளைக்கு அது 84 ஆகாது. லாட்டோட டச் மாறுதுன்னா லாட் இன்னொரு மதிப்பை எடுத்துக்குதுன்னு அர்த்தம், 80 மாறிடுச்சுன்னு இல்ல. இந்த வித்தியாசம் எங்க டிசைன்ல இல்ல.

சரி, ரீஸ்டார்ட் பண்ணினா மெமரி போயிடுமே, டேட்டாபேஸ்ல பழைய 80 இருக்கணுமேன்னு கேப்பீங்க. அங்கயும் அதே கூத்து. டச்சுக்குத் தனி டேபிள் போட்டு, லாட், கொடுப்பு ரெண்டுலயும் டச் ஐடி மட்டும் வெச்சிருந்தோம். நார்மலைஸ் பண்றோம், அதாவது ஒரே தகவலை ரெண்டு எடத்துல வெக்காம இருக்கோம்னு நெனப்பு. ஆப்ஜெக்ட்டை டேட்டாபேஸ்ல எழுதற ஹைபர்நேட் ரொம்ப விசுவாசமா அந்த ஒரு வரியை அப்டேட் பண்ணிடுச்சு. பழைய மதிப்பு எங்கயுமே இல்ல.

தப்பு எப்படி பரவுச்சு

இதோட நிறுத்திட்டா இது ஒரு பக் கதை. தோண்டத் தோண்ட ஒண்ணோட கையை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு வந்துச்சு, அதனாலதான் முழுசா எழுதறேன்.

காலேஜ்ல ஓஓபி, அதாவது ஆப்ஜெக்ட்டை வெச்சு புரோகிராம் எழுதற முறையை, எப்படி சொல்லிக் குடுத்தாங்கன்னு ஞாபகம் இருக்கா? அனிமல்னு ஒரு கிளாஸ், அதுல இருந்து டாக், கேட், ஒண்ணு பவ்வுங்கும் ஒண்ணு மியாவுங்கும். நாலு தூண் மனப்பாடம். தாய் கிளாஸ்ல இருக்கறது புள்ளை கிளாஸுக்கும் வர்ற இன்ஹெரிடன்ஸ்தான் ஹீரோ மாதிரி முதல் நாள்லயே என்ட்ரி. அந்த பழக்கத்துல நாங்களும் வெள்ளிலாட்னு ஒரு தாய் கிளாஸ், அதுக்குக் கீழ கட்டிலாட், கம்பிலாட், கொலுசுலாட்னு புள்ளைங்க. ஒயிட் போர்டுல மரம் மாதிரி வரைஞ்சப்போ அவ்வளவு அழகா இருந்துச்சு, போட்டோ எல்லாம் எடுத்தோம்.

ஆனா நாய் என்னைக்குமே பூனை ஆகாது. வெள்ளிக் கட்டி கம்பி ஆகும், கம்பி கொலுசு ஆகும், பழைய கொலுசு திரும்ப உருக்குல விழுந்து கட்டி ஆகும். இது வேற வேற ஜாதி இல்லீங்க, ஒரே வெள்ளியோட நிலை. ஜாவால ஒரு ஆப்ஜெக்ட் பொறந்த கிளாஸ்லயேதான் சாகணும், நடுவுல கிளாஸ் மாற வழி இல்ல. அப்ப நாங்க என்ன பண்ணினோம்? கட்டி கம்பி ஆனா கம்பிலாட் புதுசா நியூ பண்ணி, பழசுல இருந்து எல்லா ஃபீல்டையும் எடுத்து அதுல போட்டோம். எல்லா ஃபீல்டும்னா அந்த டச் ரெஃபரன்ஸும் சேத்துதான். அப்படியே ஒரே டச் ஆப்ஜெக்ட் கட்டி, கம்பி, கொலுசு, கொடுப்புன்னு நாலு கைக்குப் போச்சு. தப்பான இன்ஹெரிடன்ஸ் இல்லன்னா அந்த காப்பியே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு வேடிக்கையும் அதே மரத்துல காச்சதுதான். தாய் கிளாஸ்ல மேல கட்டி போடற மெத்தட் இருக்கு, கொலுசுலாட்டுக்கும் அது தானா வந்துடுச்சு. முடிஞ்ச கொலுசு மேல கட்டி போட முடியாதே, அதனால அங்க அந்த மெத்தட்டை மாத்தி எழுதி (ஓவர்ரைட் பண்ணி) எக்செப்ஷன், அதாவது இது முடியாதுங்கற பிழை, வீசினோம். கொஞ்ச நாள்ல எங்ககிட்ட வேலை பாத்த தம்பி, ஸ்க்ரீன் அடிக்கடி வெடிக்குதுன்னு அந்த எக்செப்ஷனைப் பிடிச்சு கமுக்கமா முழுங்கற மாதிரி எழுதிட்டான். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம், வெள்ளிலாட்னு சொல்லி ஒண்ணைக் குடுத்தா வெள்ளிலாட் பண்றதெல்லாம் அது பண்ணும்னுதானே எழுதறவன் நம்புவான். கம்ப்யூட்டர் விஞ்ஞானி பார்பரா லிஸ்காவ் 1987 லயே ஒரு மாநாட்டுப் பேச்சுல இதைத்தான் சொன்னாங்க, தாய் வகை இருக்கற இடத்துல புள்ளை வகையை வெச்சா புரோகிராமோட நடத்தை மாறக் கூடாதுன்னு. அந்தம்மாவுக்கு கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் விருது 2008 க்கு கெடச்சுது. விதியை நாங்களும் பரீட்சையில எழுதி மார்க் வாங்கினவங்கதான். ஜாவாவோட ஸ்டாக் கிளாஸைப் பாத்தீங்கன்னா அது வெக்டர்ங்கற லிஸ்ட் கிளாஸ்ல இருந்து வந்தது, அதனால மேல இருந்து மட்டும் எடுக்க வேண்டிய ஸ்டாக்னு பேரு வெச்சுக்கிட்டு நடுவுல சொருகலாம், நடுவுல உருவலாம். இட்லித் தட்டு அடுக்குல நடுத் தட்டை இழுக்கற மாதிரி. அதை இன்னைக்கு வரைக்கும் எடுக்க முடியல, எடுத்தா பழைய கோட் உடையும்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. ராத்திரி கடை அடைக்கறதுக்கு முன்னாடி ஒரு சரிபார்ப்பு ஓடும், அன்னைக்கு தொட்ட ஒவ்வொரு லாட்லயும் உள்ள வந்த பியூரும், வெளிய போனது பிளஸ் மிச்சம் இருக்கறதும் சமமான்னு பாக்கும். அது ஓடியிருந்தா அன்னைக்கு ராத்திரியே மாட்டியிருக்கும். உள்ள வந்தது 20 கிலோ பியூர், மேல போட்டது 4.995, ஆக 24.995. வெளிய போனது 8.4975, மிச்சம் 16.995, கூட்டினா 25.4925. கிட்டத்தட்ட அரை கிலோ வித்தியாசம், செவப்பு கலர்ல கத்தியிருக்கணும். கத்தல.

ஏன்னா திறந்திருக்கற லாட்டை எல்லாம் ஒரு ஹேஷ்செட்ல, அதாவது ஒவ்வொண்ணுக்கும் ஹேஷ்னு ஒரு நம்பர் போட்டு அந்த நம்பருக்கான பக்கெட்ல வெச்சுத் தேடற தொகுப்புல, வெச்சிருந்தோம், சரிபார்ப்பு ஒவ்வொரு லாட்டுக்கும் "நீ இந்த செட்ல இருக்கியா"ன்னு கேட்டுட்டுதான் கணக்கு போடும். லாட்டோட ஹேஷைக் கணக்குப் போடற ஹேஷ்கோட் மெத்தட் எழுதினது நாங்க இல்ல, கோட் எழுதற ஐடிஇ ல ஜெனரேட் பட்டன் தட்டினோம், அது எல்லா ஃபீல்டையும் சேத்து எழுதிக் குடுத்துடுச்சு, டச் உள்பட. காலையில 80 டச்சோட ஒரு பக்கெட்ல போய் உக்காந்த லாட், மதியம் 84.975 ஆன உடனே அதோட ஹேஷ் மாறிடுச்சு, ஆனா உக்காந்திருக்கறது பழைய பக்கெட்லயே. ராத்திரி தேடினா புது ஹேஷ்ல தேடும், இல்லங்கும். செட்டை பிரின்ட் பண்ணினா அந்த லாட் கண்ணு முன்னாடி நிக்குது, கன்டெயின்ஸ் கேட்டா ஃபால்ஸ். ஆக டச் மாறின லாட்டை மட்டும் கரெக்டா விட்டுட்டு மத்ததை எல்லாம் சோதனை போட்டிருக்கு. திருடன் வந்த தெருவை மட்டும் விட்டுட்டு விசில் ஊதற கூர்க்கா மாதிரி. மறுநாள் லோட் ஆகும்போது ஹேஷ் சரியாதான் இருக்கும், ஆனா அது நேத்து தொட்ட லாட், இன்னைக்கு லிஸ்ட்ல வராது.

மத்ததை வேகமா சொல்லிடறேன். கணக்கு ஆப்ஜெக்ட்ல கெட்என்ட்ரீஸ் உள்ள இருக்கற லிஸ்ட்டையே தூக்கிக் குடுத்துச்சு. ரிப்போர்ட் ஸ்க்ரீன்ல பூஜ்ய எடை வரிகளை மறைக்கணும்னு தம்பி ரிமூவ் போட்டான், மறையல, நெஜமாவே கணக்குல இருந்து போச்சு. நல்லவேளை பூஜ்யம். அப்புறம் வெள்ளிமேனேஜர்னு ஒரு கிளாஸ், 3,800 வரி, உருக்கறது, எடை, கூலி, பிரின்ட், எஸ்எம்எஸ், எல்லாம் அதுக்குள்ள, கேட்டா சிங்கிள்டன், மொத்த புரோகிராமுக்கும் அது ஒண்ணே ஒண்ணு. லாட், கொடுப்பு, கணக்கு எல்லாம் வெறும் கெட் செட் பொட்டலம். ஆப்ஜெக்ட்னு பேரு, ஆனா ஒரு ஆப்ஜெக்ட்டுக்கும் சொந்தமா புத்தி கெடயாது, எல்லாரோட பாக்கெட்லயும் மேனேஜரே கை விட்டு எடுத்து கணக்கு போட்டு திருப்பி வெப்பாரு. நார்வேக்காரங்க ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நீகார்டும் சிமுலா 67 ல கிளாஸ், ஆப்ஜெக்ட்டை எல்லாம் கொண்டாந்தப்போ டேட்டாவும் அதை வெச்சு பண்ற வேலையும் ஒரே இடத்துல இருக்கட்டும்னுதான் கொண்டாந்தாங்க. நாங்க அதைப் பிரிச்சு ரெண்டு ரூம்ல வெச்சுட்டு ஓஓபி பண்றோம்னு சொல்லிட்டிருந்தோம்.

நோட்டு

ஞாயித்துக்கிழமை கீழ எறங்கினதும் நேரா வியாபாரிகிட்ட போய் சொன்னோம். அவர் ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் "நான் அந்த ஆளை சந்தேகப்பட்டுட்டேனேப்பா"ன்னாரு, அவ்வளவுதான். எங்களைத் திட்டியிருந்தா கூட பரவால்ல. அண்ணனுக்கு வெள்ளி நிறுத்தி அன்னைக்கோட ஆறு நாள். சாயங்காலம் சிவதாபுரத்துக்கு நாங்களும் கூடப் போனோம், போறப்போ ஏதாவது வாங்கிட்டுப் போகணுமேன்னு தட்டுவடை செட்டு பார்சல் வாங்கினது இப்ப நெனச்சா கூச்சமா இருக்கு. அண்ணன் பட்டறை வாசல்லதான் உக்காந்திருந்தாரு, ஊதுகுழல் தொடைச்சுட்டு இருந்தாரு. நான் ரெஃபரன்ஸ், ஆப்ஜெக்ட்னு என்னென்னமோ உளறினேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, "ஏன் தம்பி, எனக்குக் குடுத்தப்போ என்ன டச்சுன்னு நீங்க எழுதி வெக்கவே இல்லியா?"ன்னாரு.

"லாட்டைப் பாத்து எடுத்துக்கலாம்னு இருந்துட்டோம்ணா."

"லாட்டு உங்க வீட்டுல இருக்கு. சரக்கு என் வீட்டுல இருக்கு. அப்புறம் எப்படி அதைப் பாத்து எழுதுவீங்க?"

நோட்டை எடுத்துக் காமிச்சாரு. எங்கயாவது தப்பா எழுதியிருந்தா அதை ஒரு கோடு போட்டு அடிச்சிருக்காரு, அடிச்சது படிக்கற மாதிரியே இருக்கு, கீழ புது வரி. அவங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தானாம். நாங்க பிரின்ட் பண்ணிக் குடுத்த தெர்மல் சீட்டு அதே நோட்டுக்குள்ள சொருகி இருந்துச்சு, மூணு மாசத்துல எழுத்தெல்லாம் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளா கெடந்துச்சு.

அந்த நோட்டு மாதிரி மத்தவங்ககிட்ட இருந்த நோட்டுகளை வெச்சுதான் பழைய டேட்டாவை மீட்டோம், டேட்டாபேஸ்லதான் ஒண்ணும் இல்லியே. நாலு லாட், அதுல இருந்து போன 11 கொடுப்பு தப்பா இருந்துச்சு. 7 பேருக்கு குறை, 4 பேருக்கு கூட. கூட வந்த அந்த நாலு பேருக்கு வெள்ளி போன லாட், மேல பழைய கொலுசு போட்டு உருக்கி டச் எறங்கினது, அதனால பாக்கி கொறஞ்சு காட்டியிருக்கு. கூட வந்த நாலு பேர்ல ஒருத்தர் கூட போன் பண்ணி கணக்கு தப்புன்னு சொல்லல, அதையும் குறிச்சு வெச்சுக்கறேன்.

திருத்தினது என்னன்னா, டச்சை ரெக்கார்டா, அதாவது மதிப்பு வெக்கறதுக்குன்னே இருக்கற கிளாஸா மாத்திட்டோம், ஜாவா 16 ல இருந்து ரெக்கார்ட் முழுசா இருக்கு, செட்டரே கெடயாது. அதுக்காக ரெக்கார்ட்னு போட்டுட்டா எல்லாம் மாறாதுன்னு அடுத்த மூடநம்பிக்கை வேண்டாம், உள்ள ஒரு லிஸ்ட்டை வெச்சீங்கன்னா அந்த லிஸ்ட் எப்பவும் போல மாறும், நாங்க லிஸ்ட்.காப்பிஆஃப் போட்டு மாத்த முடியாத நகல் எடுத்துத்தான் உள்ள விடறோம். கொடுப்பு வரியிலயே அன்னைக்கு டச் நம்பரா பதிஞ்சுடுது, ஐடி இல்ல. மேல கட்டி போட்டா பழைய லாட் மூடி புது லாட் நம்பர் பொறக்குது, இதுக்கு கடையில கணக்கு பாக்கறவர் முதல்ல மொணங்கினாரு, உருக்கு தட்டுல சாக்பீஸ்ல எழுதின நம்பரை அழிச்சு எழுதணுமேன்னு, இப்ப பழகிடுச்சு. கட்டி, கம்பி, கொலுசு மரத்தை வெட்டியாச்சு, ஒரே லாட் கிளாஸ், நிலைங்கறது அதுக்குள்ள ஒரு ஃபீல்டு. ஹேஷ்கோட் லாட் நம்பரை மட்டும் பாக்கும். தப்பு திருத்தணும்னா பழைய வரியைத் தொட முடியாது, எதிர் வரி போட்டுட்டு புது வரி போடணும், அண்ணன் நோட்டு மாதிரியே.

எடையை பிக்டெசிமல்ல இருந்தும் எடுத்துட்டு மில்லிகிராம்னு லாங்ங்கற முழு எண் வகையில வெச்சோம், டச்சை ஆயிரத்தால பெருக்கி 84975 ன்னு. பெருக்கி வகுக்கறது கணக்கு கிளாஸுக்குள்ள ஒரே இடத்துல மட்டும் நடக்குது, வெளிய இருந்து யாரும் பாக்கியை செட் பண்ண முடியாது, கொடு, வாங்கு ரெண்டு மெத்தட்தான். வகுக்கும்போது அரை மில்லிகிராம் மிஞ்சினா யாருக்குன்னு வியாபாரிகிட்ட கேட்டோம். "பட்டறைக்காரனுக்கே விடுப்பா"ன்னாரு. அது ஒரு வரி கோட், பக்கத்துல கமென்ட்லயும் அவர் சொன்னதையே எழுதி வெச்சிருக்கோம்.

மேனேஜர் 3,800 வரியில இருந்து 900 க்கு எறங்கியிருக்கு, இன்னும் எஸ்எம்எஸ் அதுக்குள்ளதான் இருக்கு. சேதாரம் சதவீதம் இன்னமும் ஸ்டேட்டிக்கா கெடக்கு, ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாறும். பொங்கலுக்குள்ள அதை எடுத்துடணும்னு பார்ட்னர் ஆபீஸ் போர்டுல எழுதி வெச்சிருக்கான், எந்த வருஷப் பொங்கல்னு எழுதல.